வேனின் பின்கதவு

ஒரு நாயைப் பார்த்த மாத்திரத்தில் அதன் உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் ஆசை. ஆனால் பெருமைக்காகத்தான் சொல்கிறேன். அஞ்சாம் வகுப்போடு படிப்பு போதும் என்று ஆகிவிட்டது எனக்கு. அப்பா கே.ஜி.எஃப்.பில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கி ஏறிய மனிதர். நான் அந்தக் குழிக்குள் இறங்க மாட்டேன் என்று ரயிலேறி பெங்களூருக்கு வந்தவன். கண்டோன்மென்ட் பக்கம் ஒரு பங்களாவில் நாய்க்கூண்டு கழுவும் வேலை. அங்கே தொடங்கி, இன்றைக்கு பொம்மனஹள்ளிக்குப் பின்னால் நாய் வளர்த்துப் பழக்கும் சொந்த யார்டு. காவலுக்கும் மோப்பத்துக்கும் நாய் வேண்டுமென்றால் கம்பெனிக்காரர்கள், மண்டபத்துக்காரர்கள், அபார்ட்மென்ட்காரர்கள் எல்லாரும் எனக்குத்தான் போன் போடுவார்கள். ஓசூர் ரோட்டில் என் நாய் மோந்து பார்க்காத கார் இல்லை என்று நானே சொல்லிக்கொள்வேன். கேட்டவர்கள் யாரும் மறுத்ததில்லை.

உதட்டைத் தூக்கி ஈறைப் பார்ப்பேன். நல்ல நாயின் ஈறு கொய்யாப்பழத்தின் உள்பக்கம் போல இளஞ்சிவப்பாக இருக்கும். கட்டைவிரலால் அழுத்தினால் வெளுக்கும். விரலை எடுத்ததும் "வாடா கண்ணு" என்று கூப்பிட்டு முடிப்பதற்குள் நிறம் திரும்பிவிட வேண்டும். தாமதித்தால் ரத்த ஓட்டத்தில் ஏதோ கோளாறு. பின்தொடையின் உள்பக்கம், கவட்டைக்குக் கிட்டே விரல் வைத்தால் நாடி துள்ளும். மூச்சை விலாவைப் பார்த்தே எண்ணிவிடலாம். இதெல்லாம் கண்ணும் கையும் போதும். உடம்பின் சூட்டுக்கு மட்டும் கருவி வேண்டும். வாலைத் தூக்கி, தெர்மாமீட்டர் நுனியில் கொஞ்சம் வாஸ்லைன் தடவி, ஆசனவாயில் வைக்க வேண்டும். அது ஒன்றுதான் சரியான வழி.

அந்த ஒன்றைத்தான் நான் எங்கள் ஆட்களுக்குத் தடை போட்டிருந்தேன். முழுக்க இல்லை, கேட்டில் செய்யக் கூடாது, ஆள் பார்க்கச் செய்யக் கூடாது என்று. தொழில் தொடங்கிய புதிதில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நாய்க்கு இப்படி வைத்தபோது மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஒரு பெரியவர், "இந்த ஆளு நாய்க்கு இன்னா பண்றான் பாரு, சுபகாரியத்துல" என்றார். கூலி நாய்க்காரன் என்று எல்லாரும் பார்த்த அந்தப் பார்வை எனக்கு இன்னும் ஆறவில்லை. அன்றிலிருந்து எங்கள் யார்டில் ஒரு சட்டம்: வாடிக்கையாளர் வாசலில் வாலைத் தூக்காதே. பார்க்க வேண்டுமென்றால் வேனுக்குள் கொண்டுபோ, கதவைச் சாத்திக்கொள், யாரும் பார்க்காமல் பார். எங்களுடைய நாய் எப்போதும் ராஜா மாதிரி நிற்க வேண்டும். இதைப் புது ஆட்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவேன், ஏதோ பெரிய தொழில் ரகசியம் போல.

எங்களிடம் ஒரு கறுப்பு லாப்ரடார் இருந்தது. பெட்டை. வெடிமருந்து வாசனைக்குப் பழக்கியது. அதன் பேரை இங்கே எழுத மாட்டேன், யார் பேரையும் எழுதப் போவதில்லை. அதைக் கையில் பிடித்தவள் ஈஜிபுராவில் வாடகைக்கு இருக்கும் ஒரு பெண். எங்கள் கே.ஜி.எஃப். ஜனம்தான், ஆனால் பிறந்ததும் வளர்ந்ததும் பெங்களூரில். பதினைந்து வருஷம் ஆடை கம்பெனியில் காலர் தைத்துத் தைத்துக் கண் எரிகிறது என்று வேலையை விட்டுவிட்டு என்னிடம் கூண்டு கழுவ வந்தாள். அந்தக் கறுப்பு நாய் வேறு யார் கையிலும் வேலை செய்யாது என்று அடம்பிடித்ததால் அவளையே அதற்கு ஆளாக்கினேன். என்னை அங்கிள் என்பாள். முறைத்துக்கொண்டே அங்கிள் என்பாள்.

இது நடந்தது போன கோடையில். பெங்களூருக்கு வெயிலே கிடையாது என்று பீற்றிக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் இப்போது வீட்டுக்கு ஏசி மாட்டிவிட்டார்கள். அப்படி ஒரு வெயில். ஓசூர் ரோட்டை ஒட்டி ஒரு பெரிய கட்டடத்துக்குத் திறப்பு விழா. வெளியூரிலிருந்து ஒரு பெரிய விருந்தினர் வருகிறார், உள்ளே போகிற ஒவ்வொரு காரையும் நாய் பார்க்க வேண்டும் என்றார்கள். இப்படிப்பட்ட வேலைக்கு இரண்டு நாய் போகும். ஒன்று உழைக்கும்போது ஒன்று நிழலில் இளைப்பாறும். அன்றைக்கு இரண்டாவது நாயின் பாதத்தில் கண்ணாடி குத்தியிருந்தது. வேறு நாயைத் தேடியிருக்கலாம். விழா மேனேஜரிடம் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "என் ஒரு நாய் வேற ஆளோட ரெண்டு நாய்க்குச் சமம் சார்" என்றேன். வெள்ளைச் சட்டை போட்டு நானே வேனை ஓட்டிக்கொண்டு போனேன், இந்த வயதிலும்.

கார்கள் வந்துகொண்டே இருந்தன. தார் ரோட்டில் சூடு அலை அலையாக எழும்பியது. கறுப்பு நாய் ஒவ்வொரு காரையும் சுற்றி வந்து மோந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவள் நாயை இழுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"அங்கிள், நாக்கப் பாருங்க. தோசைக் கரண்டி மாதிரி அகலமா தொங்குது. எச்சில் கோந்து மாதிரி ஒட்டுது. டெம்பரேச்சர் பாத்துடறேன்."

"இங்கயா? கார்ல குந்திக்கினு எல்லாரும் பாக்கறாங்கமா."

"பாக்கட்டுமே. அவங்க வாலையா தூக்கப் போறேன்?"

எனக்கே சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே நாயின் காதைத் தொட்டுப் பார்த்தேன். என் கை பேசும் என்று நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த கை அது. வெயிலில் கிடந்த காதைத் தொட்டால் சுடத்தான் செய்யும். என் கையும் வெயிலில்தானே இருந்தது? சூடு சூட்டைத் தொட்டு என்னத்தைக் கண்டுபிடிக்கும்?

"வெயில்ல நின்னா காது சுடாம இன்னா பண்ணும்?" என்றேன்.

"ஈறு பாருங்க. செங்கல்லு மாதிரி கீது."

பார்த்தேன். செங்கல் நிறம்தான். "கறுப்பு நாய்க்கு அப்டித்தாம்மா இருக்கும்" என்றேன். கறுப்பு நாய்க்கும் வெள்ளை நாய்க்கும் ஈறு ஒன்றுதான் என்று எனக்குத் தெரியாதா? வாயில் அப்படி வந்துவிட்டது. "வேன்ல படுக்க வெச்சி ஈர சாக்கு போடு. செத்த நேரத்துல குதிர மாதிரி எழுந்துக்கும்."

ஈர சாக்கு என்னுடைய கண்டுபிடிப்பு. கோணிச் சாக்கைத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து நாயின் மேல் போர்த்துவது. பல வருஷமாகச் செய்கிறேன். காற்றோட்டமான யார்டில், மரத்தடியில், அது நன்றாகவே வேலை செய்யும்.

அவள் நாயை வேனில் ஏற்றி, சாக்கை நனைத்துப் போர்த்தினாள். பின்கதவு திறந்தே இருந்தது. அப்போது மேனேஜர் வேகமாக வந்தார். வேன் நிற்பது விருந்தினர் வரும் வழி, உள்ளே நாயும் சாக்கும் வாளியும் அப்படியே தெரிகின்றன. "டோர் ஹாக்கி சார், கெஸ்ட் பர்த்தா இத்தாரெ" என்றார். கதவைச் சாத்தச் சொல்கிறார், விருந்தாளி வந்துகொண்டிருக்கிறாராம். வேனைத் தள்ளி நிழலில் நிறுத்துகிறேன் என்று நான் சொல்லியிருக்கலாம். அதற்கு வரிசையில் நின்ற கார்களை நகர்த்தச் சொல்ல வேண்டும், மேனேஜரின் முகம் சுளிக்கும்.

"சாத்துமா" என்றேன் அவளிடம்.

"அங்கிள், காத்து?"

"சாக்கு ஈரமா இருக்குதில்ல? முன்னாடி கண்ணாடி ஒரு விரல் எறக்கி வெச்சிருக்கேன். சாத்துமா."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு சாத்தினாள். அதோடு விட்டேனா? "நீ கேட்டாண்ட வந்து நில்லு. யூனிஃபார்ம்ல ஒரு ஆளாவது கண்ணுல பட வோணாமா?" என்று அவளைக் கூட்டிக்கொண்டு போய் என் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன்.

விருந்தினர் வந்தபாடில்லை. இதோ வந்துவிட்டார், ஃப்ளைஓவர் ஏறிவிட்டார் என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அவள் இரண்டு முறை வேன் பக்கம் திரும்பினாள். இரண்டு முறையும் நான் கையால் சைகை காட்டி நிறுத்தினேன். மூன்றாவது முறை என்னைப் பார்க்கவே இல்லை, ஓடினாள்.

"அங்கிள்!"

அந்தக் கூப்பாட்டை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. நான் போனபோது நாய் ஒருக்களித்துக் கிடந்தது. வாந்தி எடுத்திருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் எதையும் பார்க்கவில்லை. கால்கள் நீந்துவது போல இழுத்துக்கொண்டிருந்தன. சாக்கை எடுத்தேன். அப்போதுதான் இறக்கிய இட்லித் துணி போலச் சுட்டது.

அடுத்து நான் செய்ததெல்லாம் சரி. அதை மறுக்க மாட்டேன். நாயைத் தோளில் தூக்கிக்கொண்டு புல்வெளிக் குழாய்க்கு ஓடினேன். ரப்பர் பைப்பில் முதலில் வந்த தண்ணீர் வெயிலில் கிடந்து கொதித்திருந்தது. அதைத் தரையில் ஓடவிட்டு, குளிர்ந்த பிறகுதான் நாயின் மேல் பிடித்தேன். தொடை இடுக்கு, அக்குள், வயிறு, பாதங்களின் அடிப்பக்கம் என்று ரத்தக் குழாய் மேலாக ஓடும் இடங்களில் எல்லாம். அவள் வரவேற்பு ஃப்ளெக்ஸைக் கிழித்து விசிறினாள். யாரோ ஜூஸ் கடையிலிருந்து ஐஸ் கட்டிகளைக் கொண்டுவந்து கொட்டப் பார்த்தார்கள். வேண்டாம் என்று கத்தினேன். ஐஸ் பட்டால் மேல்தோல் ரத்தக் குழாய்கள் சுருங்கி, சூடு உள்ளேயே தங்கிவிடும். இன்னொருவர் பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்ற வந்தார். நினைவில்லாத நாய்க்குத் தண்ணீர் ஊற்றினால் நுரையீரலுக்குள்தான் போகும். அவர் கையைத் தட்டிவிட்டேன். பிறகு, அந்த வாசலில், அத்தனை பேர் முன்னால், என் கையாலேயே வாலைத் தூக்கி தெர்மாமீட்டரை வைத்தேன். எண் வரவில்லை. 'H' என்று ஒரு எழுத்து வந்தது. அளவுக்கு மேல் போய்விட்டது, சொல்ல எண் இல்லை என்று அர்த்தம்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரே ஒருவர்கூடச் சிரிக்கவில்லை.

தண்ணீர், விசிறல், மறுபடி தெர்மாமீட்டர். எண் வரத் தொடங்கியது. இறங்கியது. நூற்றுமூன்றுக்கு வந்ததும் தண்ணீரை நிறுத்தச் சொன்னேன், அதற்கு மேலும் ஊற்றினால் சூடு அளவு தாண்டிக் கீழே போய்விடும். ஈறு இப்போது சாம்பல் நிறமாகியிருந்தது. அழுத்தினால் நிறம் திரும்பவே மனசில்லாமல் திரும்பியது. நாடி நூல் மாதிரி. வெளியே சூடு இறங்கினாலும் உள்ளே வெந்தது வெந்ததுதான், ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இந்தக் களேபரத்தின் நடுவே விருந்தினரின் கார்கள் எங்களைக் கடந்து உள்ளே போயின. ஒரு காரையும் எந்த நாயும் மோந்து பார்க்கவில்லை.

வேனின் பின்கதவைத் திறந்தே வைத்து, நாய்க்கயிற்றால் இழுத்துக் கட்டி ஓட்டினேன். பின்னால் அவள் நாயின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

கால்நடை டாக்டரம்மா சேலத்துப் பக்கத்துக்காரர். மேஜையில் நாயைப் போட்டதும் ஊசியைத் தேடிக்கொண்டே கேட்டார். "எங்க இருந்துச்சு?"

"வேன்ல."

"கதவு திறந்திருந்துதா, சாத்தியிருந்துதா? எவ்வளவு நேரம்?"

"தொறந்துதான் இருந்துச்சு டாக்டர். கொஞ்ச நேரந்தான்" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று அதற்குப் பிறகு எவ்வளவோ யோசித்துவிட்டேன். யோசித்துச் சொன்ன பொய் இல்லை அது. என் யார்டில் தப்பு நடக்காது என்று இத்தனை வருஷம் சொல்லிச் சொல்லி, வாய்க்கு அதுவே பழகிவிட்டது.

டாக்டரம்மா நிமிர்ந்து பார்த்தார். "திறந்திருந்தா இந்த அளவுக்கு ஏறாதே. எனக்கு நிஜம் தெரியணும். உள்ளே எவ்வளவு வெந்திருக்குன்னு நான் கணக்குப் போடணும். ரத்தம் உறையாமப் போற கட்டம் வரைக்கும் போயிருக்கலாம்."

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நின்றவள் சொன்னாள். "சாத்தியிருந்துது டாக்டர். ரொம்ப நேரம். நான்தான் சாத்தினேன்."

"மேல என்ன போட்டீங்க?"

"ஈர சாக்கு."

"சாத்தின வண்டிக்குள்ள ஈர சாக்கா? காத்து இல்லாம ஈரம் எப்படிம்மா காயும்? கம்பளி போர்த்தி ஆவி பிடிச்ச மாதிரி ஆயிடும். நாயை வெச்சு வேலை செய்யற ஆளுங்க நீங்க. வாயில்லா ஜீவனை நம்பி உங்க கையில குடுத்திருக்காங்க. இதுகூடத் தெரியாதா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாக்கு என் கண்டுபிடிப்பு. சாத்தச் சொன்னது என் வாய். நான் சுவரில் மாட்டியிருந்த தடுப்பூசி படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தில் ஒரு நாய்க்குட்டி நாக்கை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது.

நாய் சாகவில்லை. ரத்தமாகக் கழிந்தது, ட்ரிப்ஸ் ஏறியது, இன்றைக்குத் தாண்டுமா என்று தினம் கேட்டோம். தாண்டியது. ஆனால் சிறுநீரகம் அடிபட்டுவிட்டது, இனி வேலைக்கு ஆகாது, ஓயாமல் தண்ணீர் கேட்கும், கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. யார்டில் வைத்துக்கொள்கிறேன் என்றேன். அவள் கேட்கவில்லை. ஈஜிபுராவில் அந்த ஒற்றை அறைக்கே கூட்டிக்கொண்டு போனாள். வீட்டுக்காரர் நாய் கூடாது என்றாராம். "நாய் இல்ல சார், ரிட்டையர்ட் ஆபீசர்"னு சொன்னேன் என்றாள். வீட்டுக்காரர் சிரித்து விட்டுவிட்டாராம். அந்த வேடிக்கையை என்னிடம் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை.

இதற்குள் இன்னொன்று நடந்துவிட்டது. அன்றைக்கு வாசலில் யாரோ போனில் வீடியோ படம் எடுத்திருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை நனைந்து, நாயைத் தோளில் போட்டுக்கொண்டு நான் ஓடுவது, தண்ணீர் பிடிப்பது, ஐஸ் வேண்டாம் என்று கத்துவது எல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றியது. 'வயதைப் பொருட்படுத்தாமல் நாயின் உயிரைக் காத்த பெரியவர்' என்று கீழே எழுத்து. கதவு சாத்தியதை யாரும் படம் எடுக்கவில்லை. சாத்துகிற கதவை யார் படம் எடுப்பார்கள்? அமெரிக்காவிலிருந்து என் பேரன் போன் செய்து, "தாத்தா, நீங்க ஃபேமஸ்" என்றான். புது ஆர்டர்கள் வந்தன. நான் எல்லாருக்கும் நன்றி சொன்னேன். சொல்லப்போனால், முதல் சில நாட்கள் அந்தப் படத்தை நானே திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடியிருக்கிறேன். பின்னால் ஃப்ளெக்ஸால் விசிறுகிறவளின் கை மட்டும் ஓரத்தில் தெரிகிறது.

அவள் வேலைக்கு வந்தாள். கூண்டு கழுவினாள், சோறு வைத்தாள். ஒரு செம்பட்டை நாய் அவள் கைக்குப் பழகுவது போலிருந்தது. அதை எடுத்துக்கொள் என்றேன்.

"வோணாம் அங்கிள். என் கை சரியில்ல."

"கைக்கு இன்னாமா கொறச்சல்?"

"சாத்துன கை."

"நான் சொல்லித்தானமா சாத்தின."

"நீங்க சொன்னீங்க. எனக்குத் தெரிஞ்சிருந்துதில்ல? காத்துன்னு என் வாயால கேட்டேன். கேட்டுட்டும் சாத்தினேன். டாக்டரம்மா திட்டுனது கரெக்ட்." சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

யார்டில் ஒரு ஆணி அடித்தால்கூட நான் அடித்தது என்று சொல்லிக்கொள்கிறவன் நான். இந்தப் பழி ஒன்றை மட்டும் அவள் எனக்குத் தரமாட்டேன் என்கிறாள். அதை அவள் தலையில் ஏற்றியது நான் டாக்டரம்மாவிடம் சொன்ன அந்தப் பொய். நான் "தொறந்திருந்துச்சு" என்று சொல்லாமல் இருந்திருந்தால் அவள் "நான்தான்" என்று சொல்ல நேர்ந்தே இருக்காது. ராத்திரி படுத்தால் தூக்கம் வருகிறது, அதில் பொய் சொல்ல மாட்டேன். காலையில் யார்டு கேட்டைத் திறந்ததும் வாளிச் சத்தம் கேட்கும்போதுதான் உள்ளே போகாமல் அங்கேயே நின்றுவிடுவேன்.

ஒருநாள் தனியாக டாக்டரம்மாவைப் பார்க்கப் போய், கதவைச் சாத்தச் சொன்னது நான்தான் என்றேன். அவர் ஒரு பூனையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "யார் சொன்னா என்ன, யார் சாத்தினா என்னங்க. நாய்க்கு எல்லாம் ஒண்ணுதான். இனிமே திறந்து வைங்க" என்றார். அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அப்புறம்தான் சன்மானம், பாராட்டு விழாவுக்குக் கன்னடத்தில் அதுதான் பேர். நாங்கள் காவல் நாய் கொடுக்கும் ஒரு அபார்ட்மென்ட்காரர்கள் தங்கள் விழாவில் என்னை மேடையேற்றி கௌரவிக்க வேண்டும் என்றார்கள். காப்பாற்றிய நாயையும் கூட்டிவர வேண்டுமாம், குழந்தைகள் பார்க்க ஆசைப்படுகிறார்களாம். அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். நாயைக் குளிப்பாட்டி, கழுத்தில் புதுப் பட்டை போட்டு, மேடைக்குக் கீழே முதல் வரிசை ஓரத்தில் நின்றாள்.

தலையில் ஜரிகை வைத்த மைசூர் பேட்டா, அந்த ராஜா காலத்துத் தலைப்பாகையை வைத்தார்கள். தோளில் சால்வை, கையில் பழத்தட்டு. இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் இப்படித் தலையில் பேட்டாவோடு உட்கார்ந்திருப்பதை வாசலில் நாயோடு நின்று பார்த்திருக்கிறேன். ஒரு நாள் எனக்கும் வைக்கிறார்களா பார் என்று நினைத்ததும் உண்டு. மைக்கைக் கொடுத்தார்கள். கன்னடத்தில் பேசினேன். எனக்குக் கன்னடம் நன்றாக வரும். நாயைக் காப்பாற்றியது நான் இல்லை என்றேன். அந்த நாய் விழுந்ததற்குக் காரணமே நான்தான், வெயிலில் வேன் கதவைச் சாத்தச் சொன்னது நான், இந்தப் பெண் காற்று வேண்டாமா என்று கேட்டும் நான் கேட்கவில்லை, இவள் மேல் ஒரு தப்பும் இல்லை என்றேன்.

அபார்ட்மென்ட் சங்கத் தலைவர் மைக்கை வாங்கிக்கொண்டார். பாருங்கள், இவ்வளவு செய்துவிட்டும் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டு தன் ஆளை முன்னால் நிறுத்துகிறார், இதுதான் பெரிய மனசு என்றார். கைதட்டல் எழுந்தது. நான் இல்லை, இல்லை என்று தலையாட்டினேன். தலையாட்ட ஆட்ட இன்னும் பலமாகத் தட்டினார்கள். வாழ்க்கை முழுக்க நான் பீற்றிக்கொண்ட எதற்கும் இவ்வளவு கைதட்டல் கிடைத்ததில்லை. கீழே பார்த்தேன். அவள் மட்டும் தட்டவில்லை. நாயின் காதைத் தடவிக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது வேனில் அவள் முன்சீட்டில் உட்கார்ந்தாள். நாய் எங்கள் இருவர் நடுவில்.

"கேட்டியாமா நான் சொன்னத?" என்றேன்.

"கேட்டேன். நீங்க இன்னா சொன்னாலும் கை தட்றாங்க அங்கிள்."

"நான் நெசமாத்தான் சொன்னேன்."

"அது அவங்களுக்குச் சொன்னது. மைக்குல." ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்குச் சொல்லுங்க."

மேடையில் நான், நான் என்று சரளமாகச் சொன்ன வாய் இங்கே வேறு மாதிரி தொடங்கியது. "அன்னைக்கு நாம ரெண்டு பேரும்..." என்று ஆரம்பித்தேன்.

"ரெண்டு பேரா?"

சிக்னலில் வண்டி நின்றது. "நான் சொன்னேன், நீ சாத்தின" என்றேன். "டாக்டரம்மாகிட்ட பொய் சொன்னது நான். அவங்க உன்னத் திட்டும்போது வாய மூடிக்கினு செவுத்தப் பாத்துக்கினு நின்னதும் நான்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "மொதல்ல அந்தப் பேட்டாவக் கழட்டுங்க அங்கிள்" என்றாள். "அத வெச்சிக்கினு சொன்னா சிரிப்புத்தான் வருது."

அதைத் தலையில் வைத்துக்கொண்டேதான் வண்டி ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். கழற்றிப் பின்னால் போட்டேன்.

"அந்தச் செம்பட்ட நாய நாளைக்கு என் கையில குடுத்துப் பாருங்க" என்றாள் கொஞ்ச நேரம் கழித்து. "எனக்குத் தோணுனா தோணுன எடத்துல டெம்பரேச்சர் பாப்பேன். யார் வேணா சிரிக்கட்டும்."

"பாரு" என்றேன்.

அவள் என்னை மன்னித்தாள் என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. அவள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை. நாய் எழுந்து நின்று அவள் கையை முட்டியது. காலடியில் வைத்திருந்த கிண்ணத்தில் அவள் தண்ணீரை ஊற்றி மடியில் பிடித்துக்கொண்டாள். நாய் குடித்தது. காலி செய்துவிட்டு மறுபடி முட்டியது, மறுபடி ஊற்றினாள். சிறுநீரகம் கெட்ட நாய் அப்படித்தான் குடிக்கும், எவ்வளவு குடித்தாலும் அதற்குப் போதாது. பச்சை விழுந்துவிட்டது. வண்டி நகர்ந்தால் தண்ணீர் சிந்தும் என்று நான் எடுக்காமல் நின்றேன். பின்னால் ஹாரன் மேல் ஹாரனாக அடித்தார்கள். ஒரு ஆட்டோக்காரர் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும்போது தலையை வெளியே நீட்டிக் கன்னடத்தில் என்னைத் திட்டினார். நாய் இன்னும் குடித்துக்கொண்டிருந்தது.